வெள்ளிக்கிழமை வந்த படிவம்

சுந்தரவல்லிக்குக் கால்பந்து பிடிக்கும் என்று சொல்ல முடியாது. மைதானத்துக்குப் போய் ஒரு ஆட்டம்கூட அவள் பார்த்ததில்லை. ஆனால் இங்கிலாந்தின் வடக்கு மூலையில் நடக்கும் நார்த் வேல் அமெச்சூர் லீக்கின் ஐம்பத்திரண்டு கிளப்புகளும் அவளுக்கு அத்துப்படி. எந்த ஊர் மைதானம் ஒரு பக்கம் சரிந்திருக்கும், இரண்டு நாள் மழை பெய்தால் எந்த ஆட்டம் முதலில் ரத்தாகும், எந்த ரெஃப்ரிக்கும் எந்த கிளப்புக்கும் ஆகாது என்பதையெல்லாம், தி.நகரில் ஒரு பாத்திரக்கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் உட்கார்ந்தபடியே அவள் தெரிந்துகொண்டிருந்தாள்.

அந்த ஆபீஸ் ராகவேந்திரனுடையது. அவருடைய அத்தை பிள்ளை இங்கிலாந்தில் ஒரு சின்ன கம்பெனி நடத்தினார். அங்கே இருக்கும் உள்ளூர் லீக்குகளின் எழுத்து வேலையை அவர் ஒப்பந்தம் எடுப்பார். வேலை நடப்பது இங்கே. அமெச்சூர் லீக் என்றால் யாருக்கும் சம்பளம் கிடையாது. கொத்தனார், பள்ளிக்கூட வாத்தியார், லாரி ஓட்டுகிறவர் எல்லாரும் சனிக்கிழமை மத்தியானம் ஆடிவிட்டு ஞாயிற்றுக்கிழமை கால்வலியோடு கிடப்பார்கள். அவர்களைப் பதிவு செய்வது, ஆட்ட முடிவுகளை ஏற்றுவது, புள்ளிப் பட்டியலைச் சரி பார்ப்பது, சிவப்பு அட்டை வாங்கியவனுக்கு எத்தனை ஆட்டம் தடை என்று கடிதம் போடுவது, இதெல்லாம் சுந்தரவல்லியின் வேலை.

சேர்ந்த அன்றைக்கே ராகவேந்திரன் சொல்லிவிட்டார். "உங்க பேரு அவாளுக்கு வாயில நுழையாது. சாண்ட்ரான்னு கையெழுத்துப் போட்டுடுங்கோ. நீங்க அங்கேயே ஏதோ ஒரு ஆபீஸ்ல இருக்கறதா நினைச்சுப்பா. நாம ஒண்ணும் பொய் சொல்லலை, அவாளா நினைச்சுக்கறா, அவ்ளோதான்."

அப்படி ஒன்பது வருஷம் சாண்ட்ராவாக இருந்தாள். காலையில் மயிலாப்பூரில் முண்டகக்கண்ணி அம்மன் கோயில் பக்கத்துச் சந்திலிருந்து கிளம்பி, ஷேர் ஆட்டோவில் இடிபட்டு வந்து, மூன்று மாடி ஏறி, கணினியைத் திறந்தால் சாண்ட்ரா. அவளுக்கு அதில் வருத்தம் எதுவும் இருந்ததில்லை. உண்மையைச் சொன்னால் சாண்ட்ராவைப் பிடித்துக்கூட இருந்தது. வீட்டில் யாரும் சுந்தரவல்லியிடம் யோசனை கேட்டதில்லை. சாண்ட்ராவிடம் ஐம்பத்திரண்டு ஊர்க்காரர்கள் கேட்டார்கள்.

அவர்களில் ஒருவர்தான் கென். தோர்ன்பெக் என்ற கிராமத்து கிளப்பின் செயலாளர், பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர், வயது எழுபத்தைந்து. அந்த கிளப்பின் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவது, சட்டைகளைத் துவைப்பது, ஆள் குறைந்தால் வீடு வீடாகப் போய் எழுப்பிக்கொண்டு வருவது எல்லாம் அவரே. மற்ற செயலாளர்கள் இரண்டு வரியில் எழுதுவார்கள். கென் ஒரு பக்கம் எழுதுவார். யாருடைய நாயோ மைதானத்துக்குள் புகுந்து பந்தைக் கடித்து ஓட்டையாக்கியது, பதினேழு நிமிஷம் ஆட்டம் நின்றது, நாயின் சொந்தக்காரர் எதிரணிக் கேப்டன்தான் என்று பிறகு தெரிந்தது, இப்படி. மனைவி ஜீன் இறந்த வாரத்தில்கூட ஆட்ட முடிவை நேரத்துக்கு அனுப்பியிருந்தார். கீழே ஒரே ஒரு வரி: "வீட்டில் ரொம்ப அமைதியாக இருக்கிறது, சாண்ட்ரா." அன்று சுந்தரவல்லி அரைமணி நேரம் யோசித்து நாலு வரி பதில் எழுதினாள். ஆங்கிலத்தில் ஆறுதல் சொல்வது அவளுக்குப் பழக்கமில்லை. அந்தக் கடிதத்தை அச்செடுத்து வைத்திருப்பதாக அவர் பிறகொரு நாள் எழுதினார்.

அந்த வருஷம் தோர்ன்பெக் கடைசி டிவிஷனில் கடைசிக்கு முந்தின இடத்தில் தத்தளித்துக்கொண்டிருந்தது. கடைசி டிவிஷனில் கடைசியாக வந்தால் லீக்கை விட்டே வெளியே போக வேண்டும். திரும்பச் சேர மற்ற கிளப்புகள் வாக்களிக்க வேண்டும். அவர்களுக்குக் கீழே இருந்த மார்ஷ்கேட்டுடன் ஏப்ரல் முதல் சனிக்கிழமை ஆட்டம். அந்த ஆட்டத்தில் ஜெயித்தால் தோர்ன்பெக் பிழைத்தது.

அந்த வாரம் தோர்ன்பெக்கின் கோல்கீப்பருக்கு மணிக்கட்டு முறிந்துவிட்டது. கென் பக்கத்து ஊரிலிருந்து ஒருவனைப் பிடித்தார். புது ஆள் சனிக்கிழமை ஆட வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமை அவர்கள் ஊர் நேரம் பகல் பன்னிரண்டுக்குள் பதிவுப் படிவம் லீக்கின் இணையதளத்தில் ஏறிவிட வேண்டும். நம்மூர்க் கணக்கில் மாலை நாலரை. படிவம் ஏறியதும் சுந்தரவல்லி சரிபார்த்து ஒப்புதல் கொடுப்பாள். அந்த இணையதளத்தில் ஒரு கோளாறு உண்டு. அனுப்பியவரிடம் நகல் எதுவும் நிற்காது. வெளியே எல்லாரும் பார்க்கிற பக்கத்தில் ஒப்புதல் கொடுத்த தேதி மட்டும்தான் தெரியும். படிவம் எப்போது வந்து சேர்ந்தது என்பது சென்னை ஆபீசின் உள்பக்கத்தில் மட்டுமே இருக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை இரண்டரை மணிக்கு ராகவேந்திரன் அவள் மேஜைக்கு வந்தார். "வல்லி, அடையார்ல ஒரு கிளையண்ட் வந்திருக்கா. புது லீக். நீங்க கூட வந்து எப்படிப் பண்றோம்னு காட்டணும். கிளம்புங்கோ."

"சார், வெள்ளிக்கிழமை. படிவமெல்லாம் வர்ற நேரம்."

"ஒரு மணி நேரத்துல வந்துடலாம்."

வரவில்லை. அடையாறு ஹோட்டலில் காபி, பேச்சு, மறுபடி காபி என்று ஆறரை ஆகிவிட்டது. அங்கிருந்து அவளை நேரே வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். சனிக்கிழமை ஆபீஸ் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை காலை ஆட்ட முடிவுகளை ஏற்ற வந்தபோதுதான் பார்த்தாள், கென் அனுப்பிய படிவம் காத்திருந்தது. வந்த நேரம் வெள்ளிக்கிழமை மாலை மூன்று நாற்பத்தெட்டு. அவர்கள் ஊரில் பதினொன்று பதினெட்டு. கெடுவுக்கு நாற்பத்திரண்டு நிமிஷம் முன்னால்.

ஆட்டமும் முடிந்திருந்தது. தோர்ன்பெக் ஒன்று, மார்ஷ்கேட் பூஜ்யம். புது கோல்கீப்பர் ஒரு பெனால்டியைத் தடுத்திருந்தான். கென் இரண்டு பக்கம் எழுதியிருந்தார். படித்துச் சிரித்துக்கொண்டே சுந்தரவல்லி படிவத்துக்கு ஒப்புதல் கொடுத்தாள். படிவம் நேரத்துக்கு வந்துவிட்டதே, பிறகென்ன என்று நினைத்தாள்.

செவ்வாய்க்கிழமை மார்ஷ்கேட்டிலிருந்து புகார் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பதிவான ஆள் சனிக்கிழமை எப்படி ஆடினான்? தோர்ன்பெக்கின் மூன்று புள்ளியைப் பறித்து எங்களுக்குக் கொடுங்கள். லீக் கமிட்டி உடனே சாண்ட்ராவுக்கு எழுதியது: படிவம் எப்போது வந்தது என்று எழுத்தில் தெரிவிக்கவும்.

சுந்தரவல்லிக்கு அதில் யோசிக்க ஒன்றுமில்லை. உள்ளதை எழுதி, அனுப்புவதற்கு முன்னால் ராகவேந்திரனிடம் காட்டினாள். அவர் படித்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"படிவம் வந்த ஒரு மணி நேரத்துக்குள்ள பார்த்தாகணும்னு ஒப்பந்தத்துல இருக்கு. தெரியுமோல்லியோ?"

"தெரியும் சார். அன்னைக்கு நீங்கதான் என்னை அடையாறுக்கு..."

"நான்தான். இல்லைங்கலை. ஆனா அதை எழுத முடியுமா? மே மாசம் ஒப்பந்தம் புதுப்பிக்கணும். இது போச்சுன்னா மத்த ரெண்டு லீக்கும் போகும். இங்க பதினோரு பேர் இருக்கோம், வல்லி. பூஜாவுக்குப் போன மாசம்தான் கல்யாணம் ஆச்சு. உங்காத்துக்காரர் வீட்ல இருக்கார்."

அது உண்மைதான். அவள் கணவன் முத்துகிருஷ்ணன் உஸ்மான் ரோட்டு ஜவுளிக்கடையில் இருபது வருஷம் புடவை விரித்துக் காட்டி, முதுகுத் தண்டில் தட்டு விலகி, ஒன்றரை வருஷமாக வீட்டோடு இருந்தான்.

"என்ன எழுதணும் சார்?"

"சனிக்கிழமை வந்ததுன்னு எழுதுங்கோ. அன்னைக்கு நமக்கு லீவு, ஏன் பார்க்கலைன்னு கேள்வி வராது. அவ்வளவுதான். உள்பக்கம் நம்ம கையில இருக்கு, யாரும் பார்க்கப் போறதில்லை. மூணு புள்ளி, வல்லி. அமெச்சூர் ஆட்டம். யாருக்கும் இதுல சோறு போகப் போறதில்லை."

அவள் எழுந்து தன் மேஜைக்கு வந்தாள். ராகவேந்திரன் சத்தம் போட்டிருந்தால், மிரட்டியிருந்தால், அவளால் முடியாது என்று சொல்லியிருக்க முடியும் என்று பின்னால் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறாள். அவர் சத்தம் போடவில்லை. தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். அவள் வெள்ளிக்கிழமையை அழித்தாள். சனிக்கிழமை என்று அடித்தாள். கீழே சாண்ட்ரா என்று போட்டாள். அனுப்பி முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அதுதான் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

இரண்டு வாரத்தில் கமிட்டி தீர்ப்புச் சொன்னது. தோர்ன்பெக்கின் மூன்று புள்ளி மார்ஷ்கேட்டுக்குப் போனது. சீசன் முடிந்தபோது தோர்ன்பெக் கடைசி.

தீர்ப்பு வந்த மறுநாள் கென் எழுதிய கடிதம் இது. சுந்தரவல்லிக்கு வார்த்தைக்கு வார்த்தை மனப்பாடம்.

"அன்புள்ள சாண்ட்ரா, வெள்ளிக்கிழமை காலை ஜீனின் கல்லறைக்குப் போய்ப் பூ வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் படிவத்தை ஏற்றினேன் என்று கமிட்டியிடம் சொன்னேன். சத்தியம் செய்யவும் தயாராக இருந்தேன். அப்போதுதான் உங்கள் கடிதத்தைக் காட்டினார்கள். ஒன்பது வருஷத்தில் நீங்கள் ஒரு தேதியைக்கூடத் தப்பாகப் போட்டதில்லை. அதனால் நான் அங்கேயே வாயை மூடிக்கொண்டேன். தப்பு என் தலையில்தான் இருக்க வேண்டும். நான் எதையெதையோ மறக்கிறேன் என்று மகள் ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், நான்தான் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் டாக்டரிடம் போகிறோம். கார் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டேன். கிளப்பையும் விட்டுவிட்டேன். பையன்களின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உங்களைச் சங்கடப்படுத்தியதற்கு மன்னியுங்கள்."

அன்று அவள் அதை இரண்டாம் முறை படிக்கவில்லை. எழுந்து பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். வெளியே பக்கத்து மேஜைப் பூஜா, "அக்கா, உடம்பு சரியில்லையா?" என்று கதவைத் தட்டினாள்.

சாயங்காலம் வீட்டில் முத்துகிருஷ்ணனிடம் சொன்னாள். அவன் பாயில் ஒருக்களித்துப் படுத்தபடி கேட்டான். முழுதும் கேட்டான், அதைச் சொல்ல வேண்டும்.

"விடு வல்லி," என்றான் கடைசியில். "எங்கேயோ வெள்ளைக்காரன் பந்து ஆடுறான். ஜெயிச்சா என்ன, தோத்தா என்ன?"

"பந்தில்ல. அந்த மனுஷன் தனக்குப் புத்தி பிசகிடுச்சுன்னு நினைச்சிட்டிருக்காரு."

"வயசு எழுபத்தஞ்சு ஆவுது. பிசகித்தான் இருக்குமோ என்னமோ."

அவள் அவனுக்குச் சோறு போட்டாள். தான் சாப்பிடவில்லை.

மறுநாள் ஆபீசில் பூஜா சாப்பிடப் போயிருந்த நேரத்தில், உள்பக்கத்தில் கென்னின் படிவத்தைத் திறந்து, வந்த நேரம் தெரிகிறபடி கைபேசியில் படம் எடுத்தாள். வீட்டுக்கு வந்து தன் சொந்த மின்னஞ்சலிலிருந்து கென்னுக்கு எழுதினாள். என் பெயர் சுந்தரவல்லி. நான் சென்னையில் இருக்கிறேன். சாண்ட்ரா என்று உங்களுக்கு எழுதுகிறவள் நான்தான். ஜீன் இறந்தபோது எழுதியவளும் நான்தான். உங்கள் படிவம் வெள்ளிக்கிழமையே வந்தது. உங்கள் ஞாபகத்தில் ஒரு கோளாறும் இல்லை. நான் எழுதியதுதான் பொய். படத்தை இணைத்திருக்கிறேன், கமிட்டியிடம் காட்டுங்கள். வேலை போனால் போகட்டும் என்றுதான் அனுப்பினாள்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. ஆனால் சுந்தரவல்லிக்கு இல்லை. சாண்ட்ராவுக்கு.

"அன்புள்ள சாண்ட்ரா, இத்துடன் இருப்பது இந்தியாவிலிருந்து யாரோ எனக்கு அனுப்பியது. நீங்கள்தான் என்று சொல்லிக்கொள்கிறார்கள். உங்களைப் பொய்க்காரி ஆக்கப் பார்க்கிறார்கள். வயதானவர்களைக் குறிவைத்து இப்படி நடக்கிறது என்று மகள் எச்சரித்திருக்கிறாள், அதனால் இணைப்பை நான் திறக்கவில்லை. ஜீனைப் பற்றிக்கூட எழுதியிருக்கிறார்கள். எப்படித் தெரிந்ததோ. நம் கடிதங்களை யாரோ படிக்கிறார்கள் போலிருக்கிறது. ஜாக்கிரதையாக இருங்கள். உங்கள் நண்பன், கென்."

ஆபீசில் எல்லாரும் திறக்கிற சாண்ட்ராவின் அஞ்சல் பெட்டியில் அந்தக் கடிதத்தை முதலில் பார்த்தது பூஜா. சுந்தரவல்லி வருவதற்கு முன்பே ராகவேந்திரனிடம் காட்டியிருந்தாள். சுந்தரவல்லி உள்ளே நுழைந்ததும் கூப்பிட்டார்கள். ராகவேந்திரனின் முகத்தில் கோபம் இல்லை. தலைக்கு வந்த ஆபத்து விலகிவிட்ட நிம்மதிதான் இருந்தது.

"நல்ல வேளை, அந்தப் பெரியவர் நம்பலை," என்றார். "நான் இதை விட்டுடறேன் வல்லி. ஒரு பதில் மட்டும் போட்டுடுங்கோ. எச்சரிச்சதுக்கு நன்றி, இது மோசடிதான், இனிமே அந்த முகவரியிலேர்ந்து வந்தா திறக்காதேங்கோன்னு."

"என்னை மோசடின்னு நானே எழுதணுமா சார்?"

"சாண்ட்ரா எழுதறா."

"நான் எழுத மாட்டேன்."

அவர் கழுத்தைத் திருப்பி, "பூஜா, இனிமே சாண்ட்ராவை நீ பார்த்துக்கோ," என்றார்.

பூஜா தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு இருபத்தாறு வயது. சுந்தரவல்லிதான் அவளுக்கு ஆஃப்சைடு என்றால் என்ன என்று டிபன் டப்பாக்களை நகர்த்திக் காட்டிச் சொல்லிக்கொடுத்தவள். பூஜாவின் விரல்கள் தட்டச்சுப் பலகையில் ஓடுவதைச் சுந்தரவல்லி பின்னால் நின்று பார்த்தாள். "அன்புள்ள கென்" என்று ஆரம்பித்து, எட்டு வரி. பழைய கடிதங்களிலிருந்து எடுத்த சொற்கள். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. சாண்ட்ராவேதான். பூஜா திரும்பாமலே, "அக்கா, ஸாரிக்கா," என்றாள். சுந்தரவல்லி தன் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். திரும்ப அந்த மாடி ஏறவில்லை.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. கிளப் பதிவேட்டில் கென்னின் வீட்டுத் தொலைபேசி எண் உண்டு. அதை அவள் எப்போதோ கைபேசியில் ஏற்றி வைத்திருந்தாள். அந்த வாரம் ஒரு நாள் சாயங்காலம், லஸ்ஸில் நாகேஸ்வர ராவ் பூங்காவில் நடைப்பயிற்சிக்காரர்களுக்கு நடுவே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து எண்ணை அழுத்தினாள். அவர்களுக்கு மத்தியானம்.

"ஹலோ?" என்றது ஒரு கனத்த, மெதுவான குரல். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவருடைய குரலைக் கேட்டாள். சொல்ல வேண்டியதைக் காகிதத்தில் எழுதி வைத்திருந்தாள். காகிதத்தைப் பார்த்து வாசித்தாள். ஐயா, நான் லீக் ஆபீசில் சாண்ட்ராவாக இருந்தவள். உங்கள் படிவம் வெள்ளிக்கிழமை வந்தது.

பிறகு அவர் பேசினார். கோபப்படாமல், ஒரு குழந்தையிடம் சொல்வதுபோல.

"அம்மா, நீ யாரென்று எனக்குத் தெரியாது. உன்னை இந்த வேலையில் யார் உட்கார வைத்தார்கள் என்றும் தெரியாது. ஆனால் சாண்ட்ராவை எனக்குத் தெரியும். என் மனைவி செத்தபோது எனக்குக் கடிதம் எழுதியவள் அவள். அவளைப் பற்றி இப்படிப் பேசாதே."

"நாய் பந்தைக் கடிச்சது..." என்று அவள் தடுமாறி ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். "நீங்க எழுதினீங்க... பதினேழு நிமிஷம்..."

தொடர்பு அறுந்தது.

மறுபடி அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மூன்றாம் தடவை ஒரு பெண் எடுத்தாள். அவருடைய மகளாக இருக்க வேண்டும். இன்னொரு முறை கூப்பிட்டால் போலீசுக்குப் போவோம் என்று படபடவென்று சொன்னாள். சுந்தரவல்லி காகிதத்தைக் கீழே போட்டுவிட்டாள். "உங்க அப்பாவுக்கு ஞாபகம் நல்லா இருக்கு," என்றாள், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக. "மேடம், அது மட்டும்தான். அவர் வெள்ளிக்கிழமைதான் அனுப்பினார். அவருக்கு ஞாபகம் நல்லா இருக்கு."

இரண்டு மூன்று விநாடி அந்த வீட்டின் சத்தம் கேட்டது. டிவியோ, கெட்டிலோ. பிறகு மகள் வைத்துவிட்டாள். அந்த எண் அதற்கப்புறம் சுந்தரவல்லியின் அழைப்பை ஏற்கவே இல்லை.

லீக் கமிட்டிக்கும் அதே படத்தை இணைத்து எழுதினாள். அதற்கு, தங்கள் கடிதம் பதிவுப் பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று ஒரு வரி வந்தது. கீழே சாண்ட்ரா என்று இருந்தது.

ஜூன் மாதம் லீக்கின் ஆண்டுக் கூட்டம் நடந்தது. தோர்ன்பெக்கை மறுபடி சேர்த்துக்கொள்ள பதினெட்டு கிளப்புகள் வாக்களித்தன, முப்பத்திரண்டு எதிர்த்தன. செயலாளர் இல்லாத கிளப்பை யார் நடத்துவது என்று கேட்டிருக்கிறார்கள். ராகவேந்திரனின் ஒப்பந்தம் இன்னும் மூன்று வருஷத்துக்கு நீண்டது. இதையெல்லாம் இணையதளத்தில் எல்லாரும் பார்க்கிற பக்கத்தில் பார்த்துத்தான் சுந்தரவல்லி தெரிந்துகொண்டாள்.

அவளுக்குக் கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தின் ஆபீசில் வேலை கிடைத்திருந்தது. மாற்றுச் சான்றிதழ் எழுதுவது, வருகைப் பதிவைக் கணினியில் ஏற்றுவது. ஆகஸ்டில் புது சீசனின் அட்டவணை வெளியானபோது மதிய இடைவேளையில் திறந்து பார்த்தாள். கடைசி டிவிஷனில் பத்து கிளப்புகள் அகர வரிசையில் இருந்தன. மார்ஷ்கேட் இருந்தது. டாக்டர் கென்னிடம் என்ன சொன்னார், மகள் கார் சாவியைத் திருப்பிக் கொடுத்தாளா என்று தெரிந்துகொள்ள அவளுக்கு வழியில்லை. அடுத்த அறையில் மணி அடித்தது. பக்கத்தை மூடிவிட்டு, ஐந்தாம் வகுப்பு 'ஆ' பிரிவின் வருகைப் பதிவேட்டை எடுத்து, அன்று வராத பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாக, இரண்டு தடவை சரிபார்த்து ஏற்ற ஆரம்பித்தாள்.